கோழிக்கழிச்சலும் ஃபேப்ரிசியஸ் பையும்: கறிக்கோழியின் நோயெதிர்ப்பு குறித்த ஒரு வரலாறு

தமிழ்நாட்டுக் கிராமங்களில் கோழிக்கழிச்சல், வெள்ளைக்கழிச்சல் என்று அழைக்கப்படும் நோய் உலக அறிவியல் நூல்களில் நியூகாசில் நோய் எனப்படுகிறது. இந்தியக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளோ இன்றும் அதை இராணிக்கெட் நோய் என்றே கற்பிக்கின்றன. ஒரே வைரஸுக்கு ஓர் ஆங்கிலேயத் துறைமுகத்தின் பெயரும் ஓர் இமாலயப் பாசறை நகரத்தின் பெயரும் வாய்த்தது எப்படி என்பது சுவையான கேள்வி. அதைவிட முக்கியமான வேறொன்று உண்டு. இந்த நோய்க்குத் திறன்மிக்க தடுப்பூசி 1940களிலேயே உருவாகிவிட்டது. இந்தியக் கறிக்கோழிப் பண்ணைகளில் அது ஏன் இன்றளவும் அடங்கவில்லை? தடுப்பூசி பழுதானது, பண்ணையாளர் கவனக்குறைவாக இருந்தார் என்னும் இரண்டு விடைகளே பெரும்பாலும் முன்வைக்கப்படுகின்றன. வரலாறு காட்டும் விடை வேறு. அதைக் காண இமயமலைச் சரிவிலிருந்து அமெரிக்காவின் டெலவேர் மாநிலம் வரை செல்ல வேண்டியிருக்கிறது.

1926ஆம் ஆண்டில் டச்சு ஆட்சிக்குட்பட்ட ஜாவாவில் கோழிகள் பெருந்தொகையில் மடிந்தன; க்ரானவெல்ட் அதைப் பதிவு செய்தார். அதே ஆண்டு வடகிழக்கு இங்கிலாந்தில், டைன் நதிக்கரையிலுள்ள நியூகாசிலை ஒட்டிய பண்ணைகளிலும் அத்தகைய மடிவு நேர்ந்தது. அதை ஆராய்ந்த டி.எம். டாயில் 1927இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அதுவரை இத்தகைய கொள்ளை மடிவுகளுக்கெல்லாம் 'கோழிக் கொள்ளைநோய்' என்ற ஒரே பெயர்தான் இருந்தது. அப்பெயருக்குரிய வைரஸ் இன்று பறவைக் காய்ச்சல் வைரஸ் என அறியப்படுகிறது. ஒரு நோயிலிருந்து மீண்ட கோழி மற்றதற்கு எதிர்ப்புப் பெறுவதில்லை என்பதைக் காட்டி, இரண்டும் வெவ்வேறு நோய்கள் என டாயில் நிறுவினார். நியூகாசில் என்ற பெயரை அவர் தற்காலிகமாகவே சூட்டினார். நோய்க்குறிகளைக் கொண்டு பெயரிட்டால் பிற நோய்களோடு குழப்பம் நேரும் என்பது அவர் கருத்து. அந்தத் தற்காலிகப் பெயர் நூறாண்டை நெருங்குகிறது. இந்த நோயைப் பற்றிய அறிவு அதன் முதல் நாளிலேயே ஒரு நோயெதிர்ப்புச் சோதனையிலிருந்துதான் பிறந்தது என்பதை இங்கே மனத்தில் இருத்த வேண்டும்.

இந்தியாவில் அது 1927இல் இராணிக்கெட்டில் அடையாளம் காணப்பட்டது. முக்தேஸ்வரில் இயங்கிய இம்பீரியல் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர் ஜே.டி. எட்வர்ட்ஸ் 1928இல் அதைப் புதிய கோழி நோயென அறிவித்தார். அந்நிறுவனம் 1889இல் புனேயில் தொடங்கப்பட்டு, 1893இல் குமாவோன் மலைக்கு இடம் மாற்றப்பட்டது. ஆபத்தான கிருமிகளைக் கையாள, மனிதரும் மந்தையும் நெருங்காத மலையுச்சி தேவைப்பட்டது. இராணிக்கெட்டும் அதே குமாவோன் பகுதியில்தான் இருக்கிறது. ஆகவே இப்பெயரை நோயின் தோற்றிடத்துக்குச் சான்றாகக் கொள்வது பிழை. ஆய்வகத்துக்கு அருகில், படைவீரர் உணவுக்காகவும் அதிகாரிகளின் வீட்டுத் தேவைக்காகவும் கோழி வளர்த்த ஒரு பாசறை நகரம் இருந்தது. அங்கே இறந்த கோழி ஆய்வாளரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. சமவெளியின் ஒரு சிற்றூரில் அதற்கு முன்பே கோழிகள் கழிந்து செத்திருந்தால், அந்த ஊரின் பெயர் எந்த அறிக்கையிலும் ஏறியிருக்காது. பெயர் எங்கே தங்குகிறது என்பதை நோயைவிட ஆய்வகத்தின் இருப்பிடமே தீர்மானிக்கிறது. (ஒலிப்பில் நெருங்கி வரும் இராணிப்பேட்டைக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. ஆனால் 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்துகள் தயாரித்துவரும் நிலையம் அங்கே இருப்பதும், அதன் தயாரிப்புகளில் இராணிக்கெட் தடுப்பூசி இடம்பெறுவதும் இனிய தற்செயல்.)

முக்தேஸ்வரின் முதன்மைக் கவலை கோழியல்ல, மாடு. மாடுகளின் வெக்கை நோய்க்குச் சீரமும் தடுப்பு மருந்தும் செய்வதே அந்நிறுவனத்தின் பிறப்புக் காரணம். எட்வர்ட்ஸின் பெயர் நிலைத்திருப்பதும் அவர் ஆட்டின் உடலில் தொடர்ந்து செலுத்தி வீரியம் குறைத்த வெக்கை நோய் வைரஸால்தான். அந்த வழிமுறை கோழி நோய்க்கும் பாதை காட்டியது. ஒரு வைரஸை அதன் இயல்பான இடத்திலிருந்து பிரித்து, வேறோர் உயிர்ச்சூழலில் மீண்டும் மீண்டும் வளர்த்தால், அதன் கொல்லும் ஆற்றல் குறைந்து, எதிர்ப்பைத் தூண்டும் ஆற்றல் எஞ்சி நிற்கும். 1931இல் அமெரிக்காவில் குட்பாஸ்சரும் உட்ரஃபும் கருவுற்ற கோழி முட்டையில் வைரஸை வளர்க்கலாம் என்று காட்டியபின் இந்த வேலை எளிதாயிற்று. 1940இல் ஐயர், டாப்சன் ஆகியோர் நியூகாசில் வைரஸை முட்டைகளில் தொடர்ந்து வளர்த்து வீரியம் குறைத்த முறையை வெளியிட்டனர். முக்தேஸ்வரில் ஹேடோவும் இத்னானியும் இந்திய வைரஸைக் கொண்டு அதே வழியில் உருவாக்கிய தடுப்பூசி 'முக்தேஸ்வர் வகை' என்று பெயர் பெற்றது. ஆர்2பி என்ற பெயரில் இந்தியக் கால்நடை மருந்தகங்கள் அறிந்திருப்பது இதைத்தான்.

ஆர்2பியின் வலிமை பெரிது. ஒருமுறை போட்டால் நீண்ட காலம் காக்கும். அதற்கு ஒரு விலையும் உண்டு. அது நடுத்தர வீரியமுடைய வகை. ஆறு முதல் எட்டு வாரம் நிறையாத குஞ்சுக்குப் போட்டால் தடுப்பூசியே நோயாக மாறக்கூடும். 1940களின் இந்தியாவில் இது பெரிய குறையாகத் தோன்றவில்லை. அன்றைய கோழி புழக்கடையில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தது. முட்டையிட்டது, அடைகாத்தது, விருந்தினர் வந்தால் குழம்பானது. எட்டு வாரம் காத்திருந்து ஊசி போடுவது அந்த வாழ்நாளுக்குப் பொருத்தமான ஏற்பாடு. முக்தேஸ்வரின் விஞ்ஞானிகள் கணக்கில் பிழை செய்யவில்லை. அவர்களின் கோழி வேறு.

அந்தக் கோழியின் இடத்தை எடுத்துக்கொண்ட கோழி டெலவேர் மாநிலத்தின் சசெக்ஸ் மாவட்டத்தில் உருவானது. 1923இல் அங்கே ஓஷன் வியூ என்ற ஊரில் சிசில் ஸ்டீல் என்ற பெண்மணி முட்டைக்காக வளர்க்க 50 குஞ்சுகள் கேட்டார். தவறுதலாக 500 வந்தன. திருப்பியனுப்பாமல் வளர்த்து இறைச்சிக்கு விற்றார், நல்ல இலாபம் கண்டார். 1926க்குள் அவரது கொட்டகை 10,000 கோழிகளைக் கொள்ளுமளவு பெருகியது. அதே மாவட்டத்தின் ஜார்ஜ்டவுனில்தான் 1948இல் 'நாளைய கோழி' என்னும் தேசியப் போட்டியின் இறுதிச் சுற்று நடந்தது. மார்பும் தொடையும் பெருத்த, விரைவில் வளரும் இனத்தை உருவாக்குவோருக்குப் பரிசு என்பதே போட்டியின் சாரம். ஸ்டீலின் முதல் குஞ்சுகள் ஒரு கிலோவை எட்டச் சுமார் 18 வாரங்கள் ஆயின. இன்றைய கறிக்கோழி ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோவைக் கடக்கிறது.

இந்த ஆறு வாரக் கணக்கில்தான் முக்தேஸ்வர் தடுப்பூசி இடமிழக்கிறது. எட்டாவது வாரத்தில் போட வேண்டிய ஊசியை ஆறாவது வாரத்தில் இறைச்சிக்கடை சென்றுவிடும் பறவைக்கு எப்போது போடுவது? இந்தியா தன் மண்ணிலேயே உருவாக்கிய தடுப்பூசிக்கு இந்தியாவில் பரவிய கறிக்கோழியின் வாழ்நாளில் இடமே இல்லை. கறிக்கோழிக்கு வேண்டியிருந்தவை மென்மையான வகைகள். அவை வெளியிலிருந்து வந்தன: ஹிச்னர் 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கண்டறிந்த பி1, நியூஜெர்சியின் ஒரு பண்ணையாளர் பெயரைத் தாங்கிய லசோட்டா, ஆஸ்ப்ளின் 1952இல் இங்கிலாந்தில் விவரித்த எஃப் ஆகியவை. இவை ஆய்வகத்தில் வீரியம் குறைக்கப்பட்டவை அல்ல, இயற்கையிலேயே வலுவற்றவை. அதன் காரணம் 1976இல் நகாய், க்ளெங்க், ரோட் ஆகியோரின் ஆய்வில் தெளிவாயிற்று. வைரஸ் உயிரணுவுக்குள் நுழைய அதன் மேலுள்ள இணைவுப் புரதம் இரண்டாக வெட்டப்பட வேண்டும். கொடிய வகைகளின் வெட்டுமிடத்தை உடலின் எல்லா உறுப்புகளிலும் உள்ள நொதிகள் வெட்டிவிடும். மூளையும் குடலும் ஒருசேரத் தாக்கப்படும். மென்மையான வகைகளின் வெட்டுமிடத்தைச் சுவாசப் பாதையிலும் குடலிலும் உள்ள சில நொதிகளே வெட்ட முடியும். ஆகவே அவை அங்கேயே தங்கி, அங்கேயே எதிர்ப்பைத் தூண்டி அடங்கிவிடும்.

பொரித்த முதல் வாரத்தில் குஞ்சின் கண்ணில் ஒரு சொட்டு விடும் வழக்கம் இப்படித்தான் வந்தது. பறவையின் கண்குழிக்குள், விழிக்குப் பின்னால் ஹார்டெரியன் சுரப்பி என்ற ஒன்று உண்டு. எதிர்ப்புப் பொருள் சுரக்கும் அணுக்கள் அதில் செறிந்துள்ளன. கண்சொட்டு அந்தச் சுரப்பியை நேரடியாக எழுப்புகிறது. பத்தாயிரம் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கண்ணில் சொட்டு விட ஆள்பலம் வேண்டும் என்பதால் அடுத்தடுத்த முறைகள் குடிநீரில் கலந்து தரப்படுகின்றன. ஓரிரு மணி நேரம் தண்ணீர் தராமல் தாகத்தைக் கூட்டி, குளோரின் இல்லாத நீரில் கொழுப்பு நீக்கிய பால்பொடி கரைத்து, அதில் மருந்து கலக்கும் வேலை பண்ணையில் பணிபுரிவோர் அனைவரும் அறிந்தது. அந்தப் பால்பொடி குஞ்சுக்கு ஊட்டமல்ல. நீரில் எஞ்சியிருக்கும் குளோரினிலிருந்து வைரஸைக் காக்கும் கவசம்.

இவ்வளவு இருந்தும் தடுப்பூசி போட்ட மந்தைகளில் நோய் கண்டது. புதிருக்கு விடை சசெக்ஸ் மாவட்டத்திலேயே காத்திருந்தது. அதற்குமுன் நானூறு ஆண்டு பழைமையுள்ள ஓர் உறுப்பின் கதையைச் சொல்ல வேண்டும்.

பறவையின் கழிவுத் துளைக்கு மேலே, மலக்குடலை ஒட்டி, சிறு திராட்சை போன்ற ஒரு பை இருக்கிறது. பதுவா பல்கலைக்கழக உடற்கூற்றியலாளர் ஃபேப்ரிசியஸ் அதை விவரித்தார். அவர் இறந்தபின் 1621இல் அந்த நூல் வெளியாயிற்று. சேவலின் விந்தைச் சேமிக்கும் பை அது என்று அவர் எண்ணினார். அவரிடம் பயின்ற வில்லியம் ஹார்வி இக்கருத்தை ஏற்கவில்லை. அதன்பின் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் அந்தப் பை பெயர் மட்டும் உள்ள, வேலை தெரியாத உறுப்பாகவே கிடந்தது. 1950களின் தொடக்கத்தில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த புரூஸ் கிளிக், இதன் வேலை என்ன என்று தம் பேராசிரியரிடம் கேட்டார். நீயே கண்டுபிடி என்ற பொருளில் பதில் கிடைத்தது. கிளிக் பையை அகற்றிய கோழிகளை வளர்த்து வந்தார். சக மாணவர் திமோத்தி சாங் வகுப்பில் எதிர்ப்புப் பொருள் உருவாவதைச் செய்து காட்டக் கோழிகள் வேண்டுமென்று கேட்டபோது அவற்றைக் கொடுத்தார். சால்மோனெல்லா செலுத்தப்பட்ட அந்தக் கோழிகளில் எதிர்ப்புப் பொருள் உருவாகவே இல்லை. வகுப்புச் செய்முறை தோல்வியடைந்தது. நோயெதிர்ப்பியலின் ஒரு பாதி அன்று கண்டுபிடிக்கப்பட்டது.

சயின்ஸ் இதழ் அந்தக் கட்டுரையை ஏற்கவில்லை. 1956இல் அது கோழி அறிவியல் இதழ் ஒன்றில் வெளிவந்து, மருத்துவ உலகின் கண்ணில் படாமல் சில ஆண்டுகள் கிடந்தது. 1961இல் ஜாக் மில்லர் தைமஸின் பணியை வெளிக்கொணர்ந்த பிறகு, 1965இல் மின்னசோட்டாவில் மாக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும் உடனுழைத்தவர்களும் கோழியில் இரண்டு தனித்தனி எதிர்ப்பு அமைப்புகள் உள்ளன என்று நிறுவினர். ஒன்று தைமஸிலிருந்து வருகிறது, மற்றொன்று இந்தப் பையிலிருந்து வருகிறது. 1969இல் ராய்ட் முதலியோர் லான்செட் இதழில் டி, பி என்ற எழுத்துகளால் அவற்றைக் குறித்தனர். பி என்பது பர்சா. மனிதருக்கு அந்தப் பை கிடையாது. ஆயினும் மனித உடலின் பி அணுக்கள் கோழியின் உறுப்புக்குரிய எழுத்தையே சுமக்கின்றன. இன்றைய நோயெதிர்ப்பியல் பாடநூல்கள் எலியையும் மனிதரையும் சுற்றியே எழுதப்படுவதால், இந்தக் கடன் மாணவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாமலே போகிறது.

இனி சசெக்ஸ். 1957 முதல் அந்த மாவட்டத்தின் கம்போரோ என்ற ஊரைச் சுற்றியிருந்த கறிக்கோழிப் பண்ணைகளில் மூன்று முதல் ஆறு வார வயதுள்ள குஞ்சுகள் சோர்ந்து, நடுங்கி, வெண்ணிறமாகக் கழிந்து இறந்தன. காஸ்க்ரோவ் 1962இல் அதை விவரித்தபோது சிறுநீரக வீக்கத்தைக் கண்டு சிறுநீரக நோய் என்றே கருதினார். உண்மையான சேதம் பையில் இருந்தது. 1970இல் ஹிச்னர் தொற்றுப் பர்சா நோய் என்ற பெயரை முன்மொழிந்தார். பண்ணைகளில் கம்போரோ என்ற பெயரே நிலைத்தது. வைரஸ் நுழைந்த நான்கு நாட்களில் பை இருமடங்காக வீங்கும். எட்டாம் நாளில் பழைய எடையில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வைரஸ் குறிவைப்பது பையில் முதிர்ந்துவரும் பி அணுக்களை. எதிர்ப்புப் பொருளைச் செய்யப் பயிலும் அணுக்களைப் பயிற்சிக்கூடத்திலேயே அது கொன்றுவிடுகிறது.

இங்கே வரலாறு ஒரு கசப்பான திருப்பம் கொள்கிறது. இரண்டு வாரத்துக்குட்பட்ட குஞ்சுகளுக்குக் கம்போரோ வைரஸ் தொற்றினால் வெளிப்படையான நோய் வருவதில்லை என்பதைப் பண்ணையாளர்கள் விரைவிலேயே கண்டுகொண்டனர். எனவே பழைய கூளத்தை மாற்றாமல் அதன்மேலேயே புதுக்குஞ்சுகளை விட்டனர். சின்ன வயதில் வைரஸ் பட்டுவிட்டால் பிறகு நோய் வராது என்பது கணக்கு. மேலோட்டமாக அது பலித்தது, குஞ்சுகள் சாகவில்லை. ஆனால் 1972இல் ஆலன், ஃபாரகர், கல்லன் ஆகியோர் கம்போரோ வைரஸ் நோயெதிர்ப்பை ஒடுக்குவதைக் காட்டினர். 1974இல் ஃபாரகரும் உடனாய்வாளர்களும் அதை நேராகச் சோதித்தனர். ஒருநாள் வயதில் கம்போரோ தொற்றிய குஞ்சுகள் நியூகாசில் தடுப்பூசிக்குச் சரிவர எதிர்வினை காட்டவில்லை. பண்ணைகள் நலமென்று எண்ணி விரும்பி ஏற்படுத்திய தொற்றுதான் கோழிக்கழிச்சல் தடுப்பூசியைப் பயனற்றதாக்கிக்கொண்டிருந்தது. மருந்தும் குற்றமற்றது, அதைக் கொடுத்தவரும் குற்றமற்றவர். அதைப் பெற்றுக்கொள்ள வேண்டிய உறுப்பு முன்பே அழிந்திருந்தது.

இந்தியாவுக்கு இந்த அறிவும் நோயும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தன. பி.வி. ராவ் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸைத் தொடங்கிய 1971ஆம் ஆண்டில்தான் உத்தரப் பிரதேசத்திலிருந்து மொகந்தியும் உடனாய்வாளர்களும் கம்போரோ நோயின் முதல் இந்தியப் பதிவை வெளியிட்டனர். இதில் காரண காரியத் தொடர்பு காண்பது மிகை. எனினும் உயர்விளைச்சல் இனங்கள், பெருங்கொட்டகைகள், ஆண்டு முழுதும் அடுத்தடுத்து வரும் குஞ்சுத் தொகுதிகள் ஆகியவற்றோடு இந்த வைரஸுக்கு ஏற்ற வாழ்விடமும் இந்தியாவில் விரிந்தது என்பதை மறுக்க இயலாது. கம்போரோ வைரஸ் அசாதாரண உறுதியுடையது. நோயுற்ற கோழிகளை அகற்றிய கொட்டகை 122 நாட்களுக்குப் பின்னும் தொற்றக்கூடியதாக இருந்தது என்பது 1960களின் அமெரிக்க ஆய்வு தந்த எண். கறிக்கோழி ஒரு தொகுதி 40 நாட்கள் என்றால், ஒரு தொகுதியின் வைரஸ் மூன்று தொகுதிகளைக் கடந்தும் கூளத்தில் காத்திருக்கும். 1980களின் இறுதியில் ஐரோப்பாவில் அதன் மிகக் கொடிய வகை தலைகாட்டியது. 1990களின் தொடக்கத்தில் அது இந்தியாவை எட்டி முட்டைக்கோழிக் குஞ்சுகளையும் கறிக்கோழிகளையும் பெருமளவில் கொன்றது. கோவை வட்டாரத்தில் ஒப்பந்தக் கறிக்கோழி வளர்ப்பு வேர்பிடித்த காலமும் அதுவே.

அந்த ஒப்பந்த முறையை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். குஞ்சு, தீவனம், மருந்து, தடுப்பூசி ஆகியவை நிறுவனத்துடையவை. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு ஆகியவை விவசாயியுடையவை. விற்பனையின்போது கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி கிடைக்கும். இறப்பு கூடினால் கூலி குறையும். தாய்க்கோழிக்கு எந்தத் தடுப்பூசி எப்போது போடப்பட்டது, குஞ்சின் இரத்தத்தில் தாய்வழி எதிர்ப்புப் பொருள் எவ்வளவு என்ற விவரங்கள் பொரிப்பகத்தின் ஏட்டில் இருக்கும். கொட்டகையில் நிற்பவருக்குத் தெரிய வழியில்லை. ஆனால் தடுப்பூசி பலிக்குமா என்பதைத் தீர்மானிப்பவை பெரிதும் அந்த விவரங்கள்தான்.

காரணம் எளியது. கோழி தன் எதிர்ப்புப் பொருளை முட்டையின் மஞ்சள் கரு வழியே குஞ்சுக்கு அனுப்புகிறது. 1893இலேயே ஜெர்மனியில் க்ளெம்பெரர் இதைக் காட்டினார். அந்தக் கொடை முதல் சில வாரங்கள் குஞ்சைக் காக்கிறது. வைரஸையும் தடுப்பூசியையும் அது வேறுபடுத்தாது. உயிருள்ள தடுப்பூசியையும் அதே கையால் அடித்து வீழ்த்திவிடும். கறிக்கோழிக் குஞ்சில் கம்போரோவுக்கு எதிரான தாய்வழி எதிர்ப்புப் பொருள் மூன்று, மூன்றரை நாட்களுக்கு ஒருமுறை பாதியாகிறது. முன்னதாகப் போட்டால் தடுப்பூசி வீண். தாமதித்தால் கூளத்திலுள்ள வைரஸ் முந்திக்கொள்ளும். கொடிய வைரஸ் தடுப்பூசியைவிட அதிக எதிர்ப்புப் பொருளையும் ஊடுருவிச் செல்லும் என்பதால், குஞ்சு நோய்க்குத் திறந்தும் தடுப்பூசிக்கு மூடியும் இருக்கும் சில நாட்கள் தவிர்க்க முடியாமல் வருகின்றன. ஒரே தொகுதிக்குள்ளும் வெவ்வேறு தாய்மந்தையின் குஞ்சுகள் கலந்திருந்தால், ஒருவருக்கு உகந்த நாள் மற்றவருக்கு உகந்ததாக இராது. 1990களில் நெதர்லாந்தின் டெவென்டரில் வகுக்கப்பட்ட சூத்திரம், சில குஞ்சுகளின் இரத்த அளவையும் அரையாயுளையும் கொண்டு அந்த நாளைக் கணிக்க முயல்கிறது. பன்னிரண்டு முதல் பதினான்காம் நாளில் கம்போரோ மருந்து என்று பண்ணைகளில் தொங்கும் அட்டவணை அந்தக் கணக்கின் சராசரி மட்டுமே. இரத்தம் எடுத்துப் பார்க்காமல் அட்டவணையைப் பின்பற்றியவர் தவறு செய்தார் என்பது எப்படிப் பொருந்தும்? அவரிடம் தரப்பட்டது அட்டவணை மட்டுந்தானே.

கம்போரோவைக் கட்டுப்படுத்த வீரியம் கூடிய தடுப்பூசி வகைகள் வந்தன. அவை தாய்வழித் தடையைத் தாண்டும். ஆனால் பையையும் ஓரளவு சேதப்படுத்தும். முக்தேஸ்வரில் கண்ட பழைய சிக்கலே இது: வலிமை வேண்டுமெனில் சேதத்தையும் ஏற்க வேண்டும். 1940களில் வயதைக் கூட்டி அச்சிக்கலைத் தவிர்க்க முடிந்தது. 40 நாள் பறவையிடம் அந்த வழியில்லை.

இனத்தேர்வும் சும்மா இருக்கவில்லை. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சீமா, குரேஷி, ஹேவன்ஸ்டைன் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, 1957ஆம் ஆண்டின் மரபைத் தேர்வின்றிப் பேணிவந்த கோழிகளையும் 2001ஆம் ஆண்டின் வணிகக் கறிக்கோழியையும் அருகருகே வைத்து ஒப்பிட்டது. புதிய இனத்தில் எதிர்ப்புப் பொருள் சார்ந்த ஆற்றல் குறைந்திருந்தது; அணுசார் எதிர்வினையும் அழற்சியும் கூடியிருந்தன. வேகமாக வளரும் கோழி நோயெதிர்ப்பே இல்லாத கோழி என்று பரவலாகச் சொல்லப்படுவதை இந்த முடிவு ஆதரிக்கவில்லை. எடைக்காகச் செய்த தேர்வு எதிர்ப்பின் அமைப்பை ஒரு பக்கமாகச் சாய்த்திருக்கிறது. தடுப்பூசிகள் பெரிதும் நம்பியிருக்கும் பக்கம்தான் இளைத்திருக்கிறது.

கோழிக்கழிச்சல் வைரஸும் இடையில் மாறிவந்தது. 1940களின் மரபு வகைகளைச் சேர்ந்த தடுப்பூசிகளே இன்றும் பயன்படுகின்றன; இந்தியாவில் நோயுண்டாக்கும் வைரஸ்கள் மரபளவில் அவற்றிலிருந்து விலகியவை. எதிர்ப்புப் பொருளின் பார்வையில் இரண்டும் ஒரே வகையாகவே இருப்பதால் பழைய தடுப்பூசி இன்னும் சாவைத் தடுக்கிறது. ஆனால் தடுப்பூசி பெற்ற கோழி நோயின்றி நடமாடிக்கொண்டே வைரஸை எச்சத்தில் வெளியேற்ற முடியும். நலமான மந்தையே அடுத்த கொட்டகைக்கு ஊற்றாக அமையக்கூடும்; தடுப்பூசி போடப்படாத புழக்கடைக் கோழி அதன் முதல் பலி. தமிழக அரசு ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் கோடைக்கு முன் இருவார முகாம் நடத்திப் புழக்கடைக் கோழிகளுக்குக் கழிச்சல் தடுப்பூசி போடுவதன் தேவை இந்தக் கோணத்திலும் பார்க்கத்தக்கது.

அண்மைக் காலத் தீர்வுகள் காலத்தைப் பின்னோக்கி நகர்த்தின. 1982இல் ஜக்தேவ் சர்மாவும் பர்மெஸ்டரும் பதினெட்டாம் நாள் கருமுட்டைக்குள்ளேயே தடுப்பூசி செலுத்தலாம் எனக் காட்டினர். 1990களில் அதற்கான இயந்திரங்கள் பொரிப்பகங்களுக்கு வந்தன. அவர்கள் பயன்படுத்திய வான்கோழி ஹெர்பஸ் வைரஸ், மாரெக் நோய்க்கு எதிரான பழைய தடுப்பூசி. அது உயிரணுக்களுக்குள் ஒளிந்து வாழ்வதால் தாய்வழி எதிர்ப்புப் பொருள் அதை எளிதில் அழிப்பதில்லை. பின்னர் அதன் மரபணுத் தொகுதியில் கம்போரோ வைரஸின் புறப்புரதத்துக்குரிய மரபணுவைச் செருகினர். வேறொரு வடிவத்தில் நியூகாசில் வைரஸின் இணைவுப் புரத மரபணுவைச் செருகினர். பை சேதமடையாது, நாள் கணக்கும் வேண்டாம். ஆனால் இவ்விரு தடுப்பூசிகளையும் ஒன்றாகக் கொடுத்தபோது ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்தது. இரண்டும் ஒரே வான்கோழி வைரஸ் என்பதால் இடத்துக்குப் போட்டியிட்டன. எனவே இரண்டு மரபணுக்களையும் ஒரே வைரஸுக்குள் சேர்த்துச் செருகிய வடிவங்கள் உருவாக்கப்பட்டன. இராணிக்கெட்டும் கம்போரோவும் இப்போது ஒரே சொட்டில், குஞ்சு ஓட்டை உடைப்பதற்கு மூன்று நாள் முன்பே, பொரிப்பகத்தில் செலுத்தப்படுகின்றன. கொட்டகையின் கூளத்தை மாற்றுவதும் தண்ணீர்க் குழாய்களைக் கழுவுவதும் முன்போலவே விவசாயியின் பொறுப்பில் இருக்கின்றன.